சம்பந்திக்கு எதிர்சீராக ஊறப்போட்ட நாவல்பழம்

கீழமண்ணியூர்,
திருப்பனந்தாள் வழி.
ஆடி 22.

பெருமதிப்பிற்குரிய மச்சான் இளையபெருமாள் அவர்களுக்கு,

தங்கள் தங்கை தங்கமணியைக் கட்டிய தங்கையன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் அவளும் உடம்பளவில் நலம். சீர்காழியில் தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டுமென்று விளக்கேற்றும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறோம். மண்ணியாற்றில் தண்ணீர் வந்து ஏழு வாரம் ஆகிறது. குறுவை பச்சை பிடித்துவிட்டது. கிழக்கு வயலில் மட்டும் கொஞ்சம் மஞ்சள் தட்டுகிறது, துத்தநாகம் போட வேண்டும். நான் எழுத வந்தது பயிரைப் பற்றி இல்லை என்பது தங்களுக்குத் தெரியும்.

போன் செய்தால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இரண்டு நீலக்கோடு வருகிறது, பதில் வருவதில்லை. கடிதமென்றால் கிழித்துப் போடுவதற்கு முன்பு ஒரு பாராவாவது படிப்பீர்கள் என்ற நம்பிக்கையில் தபாலாபீசுக்குப் போய் உறை கேட்டேன். அங்கிருந்த பெண், கோர்ட்டுக்கா ஐயா என்று விசாரித்தாள். மச்சானுக்கு என்றேன். அதற்கு அவள் தலையை ஆட்டிய விதத்தைப் பார்த்தால் அவளுக்கும் ஒரு மச்சான் இருக்கிறார் என்று தோன்றியது.

தங்கையன் வீட்டில் சாராய ஊறல் போட்டிருக்கிறான், போலீஸ் வந்துவிட்டுப் போனது, கூடமெல்லாம் ரத்தம் என்று பக்கத்து வீட்டு ரெங்கம்மாள் தன் மகளுக்குப் போன் போட்டு, சீர்காழியில் வாக்கப்பட்ட அந்த மகள் தங்கள் தெருவுக்கே சொல்லியிருக்கிறாள். ரத்தம் இல்லை மச்சான், நாவல்பழம். மற்ற இரண்டும் நடந்ததுதான். எப்படி நடந்தது என்று மட்டும் கேளுங்கள்.

நம் வானதியைக் கட்டப்போகும் மாப்பிள்ளை டோமெக்கின் தகப்பனார், அதாவது என் போலந்து சம்பந்தி ஸ்டெஃபான், வீட்டிலேயே பழம் ஊறப்போட்டு ஒரு பானம் செய்கிறவர். மாப்பிள்ளை பிறந்த வருஷம் தோட்டத்துச் செர்ரிப் பழத்தைப் பறித்து, மதுவில் ஊறவைத்து, வடிகட்டி, ஒரு கண்ணாடி ஜாடியில் மூடி வைத்திருக்கிறார். இருபத்தொன்பது வருஷமாகத் திறக்கவில்லை. மகன் கல்யாணத்தன்று திறந்து ஆளுக்கு விரல்கடை அளவு கொடுப்பது அவர்கள் குடும்ப வழக்கமாம். அதை இங்கே கொண்டு வருகிறார் என்று வானதி வைகாசியில் போனில் சொன்னாள். சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். எனக்கு அந்தப் பேச்சு எதுவும் காதில் ஏறவில்லை. சம்பந்தி இருபத்தொன்பது வருஷம் காத்த பொருளைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டி வருகிறார், பெண்வீட்டுக்காரன் நான் எதிர்சீர் என்ன வைக்கப் போகிறேன்? வேட்டியும் பித்தளைச் செம்பும் வைத்தால் அந்த ஜாடிக்கு ஈடாகுமா? கை நீட்டி வாங்கிக்கொண்டு சும்மா நின்றான் தங்கையன் என்று போலந்திலாவது யாரும் பேசக் கூடாதல்லவா? வாய்க்கால் ஓரத்தில் நம் நாவல் மரம் அந்த வாரம்தான் பழுக்க ஆரம்பித்திருந்தது. அவர் செர்ரிக்கு நம் நாவல் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். வாழ்நாளில் ஒரு சொட்டு நாக்கில் படாதவன், எப்படிச் செய்வது என்று யாரையும் கேட்கவில்லை. கேட்க வெட்கமாக இருந்தது.

பழம், சர்க்கரை, தண்ணீர், மூன்றையும் போட்டு மூடினால் தானாக ஆகிவிடும் என்று நானே யூகித்துக்கொண்டேன். நெல் கொள்முதல் நிலையத்தில் முப்பது வருஷம் ஈரப்பதம் பார்த்துப் பட்டியல் எழுதியவன் என்பதால் ஒரு நோட்டுப் போட்டு, தேதி, எடை, வெயில், நுரை உண்டு, நுரை இல்லை என்று தினமும் காலை மாலை குறித்தேன். குளிர்பானப் பாட்டில் ஆறு எடுத்து, கழுவிக் காயவைத்து, ஊற்றி, மூடியை இறுக்கிக் கூடத்து அலமாரியில் வைத்தேன். இறுக்கியதுதான் பிசகு என்று பின்னால் தெரிந்தது. எட்டாம் நாள் ரெங்கம்மாள் கல்யாணச் சேலை பார்க்க வந்தார். தங்கமணி பெட்டியைத் திறந்து, முகூர்த்தப் புடவை அடியில் இருக்கிறது, எடுக்கிறேன் என்று குனிகிறாள், தலைக்கு மேலே முதல் பாட்டில் வெடித்தது. அதைக் கேட்டு மற்ற ஐந்தும் சும்மா இருக்கவில்லை. வெள்ளையடித்து நான்கு நாள்கூட ஆகாத சுவர், மச்சான். புடவைக்கு ஒன்றும் ஆகவில்லை, தங்கமணி அதன்மேல் கவிழ்ந்துவிட்டாள். ரெங்கம்மாள் எழுந்து தன் மேலெல்லாம் கருஞ்சிவப்பாக இருப்பதைப் பார்த்து, நான் செத்துட்டேன் என்று வாசலுக்கு ஓடினார். செத்தவர் ஓட முடியாது என்று தெரு சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது.

மறுநாள் ஆயிஷா என்ற போலீஸ்காரப் பெண் வந்தார். யார் போன் செய்தது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மரியாதையான பெண். சுவரைப் பார்த்தார், முகர்ந்தார், என்ன இது என்றார். நான் நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து விளக்கினேன். மூன்றாம் நாள் மாலை நுரை அதிகம் என்ற இடத்துக்கு வந்தபோது கையைக் காட்டி நிறுத்தினார். "சார், நான் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. இந்த நோட்ட மட்டும் வேற எந்தப் போலீஸ்காரருக்கும் காட்டாதீங்க" என்றார். மிச்சமிருந்ததைத் தன் கண்ணெதிரே கொட்டச் சொன்னார். இனிமேல் வீட்டில் எதையும் இப்படிப் புளிக்க வைக்கமாட்டேன் என்று எழுதி வாங்கினார். நான் பழக்கதோஷத்தில், இட்லி மாவு நீங்கலாக என்று சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதையும் அவர் படித்துப் பார்த்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டார்.

இத்தோடு நான் விட்டிருக்க வேண்டும். விடவில்லை. அது வீம்பு, மச்சான், வேறு பெயர் சொல்லி மறைக்க நான் தயாராயில்லை. வானதியிடம் சுற்றி வளைத்துக் கேட்டதில், சம்பந்தி எதையும் புளிக்க வைப்பதே இல்லை, கடையில் விற்கும் மதுவை வாங்கி அதில் பழத்தைப் போட்டு ஆறு வாரம் ஊறவிடுகிறார், அவ்வளவுதான் என்று தெரிந்தது. நாம் எலுமிச்சங்காய் ஊறப்போடுவது மாதிரிதானே என்று எனக்கு உயிர் வந்தது. ஆறு வாரமென்ன, ஒரு மண்டலமே ஊறட்டும் என்று கணக்குப் போட்டேன்.

ஆனால் கடைக்கு யார் போவது? இந்த ஊரில் என்னைத் தெரியாதவர்கள் இல்லை. கும்பகோணத்தில் சொந்தக்காரர்கள் அதிகம். அதனால் தாராசுரத்தில் இறங்கி, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு விசாரித்துப் போனேன். வரிசையில் நின்றவர்கள் என் நரையைப் பார்த்து, பெரியவரை விடுங்கப்பா என்று வழிவிட்டார்கள். என்ன வேணும் என்று உள்ளிருந்தவர் கேட்டார். நிறம் இருக்கக் கூடாது, வாசனை இருக்கக் கூடாது, பழம் ஊறப்போடுவதற்கு என்றேன். "நாமெல்லாம் ஊறுகாயத் தொட்டுக்கிட்டுக் குடிக்கிறோம், இவரு அதுலயே ஊறுகா போடப் போறாரு" என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான், வரிசையே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. திரும்பிப் பார்த்தேன். அந்த வரிசையில் சிரிக்காமல் ஒருத்தன் நின்றான். நாற்பது வயதிருக்கும். என் நிலையத்தில் மூட்டை தூக்கியவன், நல்ல உழைப்பாளி. என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். நான் அவனிடம் எப்படி இருக்கே என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கையில் பாட்டில் வைத்திருந்தவன் நான், அப்போதும் அவனைவிட நான் மேல் என்று என் கழுத்துக்கு ஒரு நினைப்பு.

வெளியே வந்து பாட்டிலை மஞ்சப்பையில் போட்டுப் பஸ்ஸுக்கு நடக்கிறேன், எதிரே பஞ்சநதம். என்னோடு தர ஆய்வாளராக இருந்தாரே, அவர்தான், பட்டு எடுக்க வந்திருக்கிறார். என்ன தங்கையன், கோயிலுக்கா என்றார். ஆமாம் என்றேன். நானும் வருகிறேன், இந்தக் கோயிலைக் கூட்டமில்லாத நேரத்தில் பார்க்க வேண்டும் என்று கையைப் பிடித்துக்கொண்டார். பையைத் தூக்கிக்கொண்டு எப்படி உள்ளே போவேன்? செருப்புப் பார்த்துக்கொள்ளும் அம்மாளிடம் செருப்போடு பையையும் கொடுத்தேன். பஞ்சநதம் ஒவ்வொரு தூணாக நின்று பார்க்கிறவர். ஒரு மணி நேரம் ஆயிற்று. சாமியிடம் நான் என்ன கேட்டேன் தெரியுமா? அந்தப் பை பத்திரமாக இருக்க வேண்டும் என்று கேட்டேன். அறுபத்து மூன்று வயதில் இப்படி ஒரு பிரார்த்தனை. திரும்பி வந்தபோது அந்த அம்மாள், உள்ளே உடைகிற சாமான் இருக்கிறது, பார்த்து எடுத்துப் போங்க என்று பையை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார்.

ஆனி பன்னிரண்டாம் தேதி ஊறுகாய் ஜாடியில் நாவல்பழத்தைப் போட்டு அதை ஊற்றி, துணியால் வாயைக் கட்டி, மொட்டைமாடி அறையில் வைத்தேன். அன்றிலிருந்து தங்கமணி என்னோடு பேசுவதில்லை. சோறு போடுகிறாள், குழம்பு ஊற்றுகிறாள், வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொல்கிறாள். ஒரே ஒரு தரம்தான் என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "எந் தம்பி பக்கிரி குடிச்சே செத்த வீட்லேருந்து வந்தவ நான். அத நீங்க மறந்துட்டீங்க" என்றாள். மறக்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். நான் எதிர்சீரை நினைத்தேனே தவிர, பக்கிரிசாமியை நினைக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

தங்கள் தம்பியை எரித்துவிட்டு வந்த அன்று, ஈர வேட்டியோடு நின்று, "இனிமே அந்த நாத்தம் அடிக்கிற வீட்டு வாசல்ல என் காலு படாது" என்று தாங்கள் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். ஒன்பது வருஷமாகச் சொன்ன சொல் தவறாமல் இருக்கிறீர்கள். அதற்காகப் பெரியப்பா மகன் வீட்டு விசேஷத்தைக்கூட விட்டீர்கள். இப்போது ஆவணி பதினொன்றாம் தேதிக்கும் வரமாட்டேன், மாலையை வேறு யாராவது எடுத்துக் கொடுக்கட்டும் என்று தங்கமணியிடம் சொல்லியிருக்கிறீர்கள். தாய்மாமன் கையால் மாலை வாங்காமல் பெண் மணையில் உட்காரும் வழக்கம் நம் இரண்டு வீட்டிலும் கிடையாது. இன்னும் இருபது நாள்தான் இருக்கிறது. வானதிக்கு நான் இதைச் சொல்லவில்லை. போன வாரம் வீடியோவில் சம்பந்தி, பந்தியில் நான் யார் பக்கத்தில் உட்காருவது என்று கேட்டாராம். எங்க பெரிய மாமா பக்கத்துல என்று சொல்லிவிட்டு அவள் எங்களைப் பார்த்துச் சிரித்தாள். தங்கமணி அடுப்பைப் பார்க்கிற மாதிரி எழுந்து போனாள். நான்தான் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஜாடியைக் கொட்டித் தொலைக்க வேண்டியதுதானே என்று தாங்கள் கேட்கலாம். கொட்டிவிட்டேன் என்று எழுதினால் நம்புவீர்களா? நம்பமாட்டீர்கள். நானே நம்பமாட்டேன். காய்ந்த நெல் என்று சொன்னவன் மூட்டைக்குள் எத்தனை தரம் கையை விட்டுப் பார்த்திருக்கிறேன். அதனால் ஒன்றும் செய்யாமல் வைத்திருக்கிறேன். நாற்பதாம் நாள், என்னதான் இது, பக்கிரி எதற்காகத் தன்னை அழித்துக்கொண்டான் என்று தெரிந்துகொள்ளத் தோன்றி, ஒரு குச்சியை விட்டு எடுத்து ஒரே ஒரு சொட்டு நாக்கில் வைத்தேன். தங்களிடம் மறைக்கக் கூடாது என்று எழுதுகிறேன். இனித்தது, மச்சான். இந்த இனிப்புதான் ஆளை ஏமாற்றுகிறது. கொஞ்ச நேரத்தில் தலை கிறுகிறுத்தது, கால் தளர்ந்தது, சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி மத்தியானம் முழுக்கப் படுத்துக் கிடந்தேன். அப்படிப் படுத்துக் கிடந்தபோது பக்கிரிசாமியை நினைத்து அழுதேன். அவன் சாவுக்குக்கூட நான் அழவில்லை.

அழுதது எதற்கென்றால், வானதியின் மஞ்சள் நீராட்டுக்காக. பதினைந்து வருஷம் ஆகிறது. இவன் குடித்துவிட்டு வந்து சபையில் மானத்தை வாங்குவான், வரவேண்டாம் என்று தாங்களும் நானும் கொல்லையில் நின்று பேசி முடிவு செய்தோம். போய் அவனிடம் சொன்னது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தாங்கள் சொல்லியிருப்பீர்கள் என்று நான் இருந்துவிட்டேன். அவன் வரவில்லை, நல்லதாகப் போயிற்று என்று பந்தி பரிமாறினேன். ஆனால் அவன் கிளம்பி வந்திருக்கிறான். திருப்பனந்தாள் பஸ் ஸ்டாண்டில் மாலையும் சீர்த்தட்டும் வைத்துக்கொண்டு, சலவை வேட்டி கட்டிக்கொண்டு, சாயங்காலம்வரை நின்றானாம். டீக்கடைக்காரர் ரொம்ப நாள் கழித்துச் சொன்னார். அதுவரைக்கும் டீ மட்டும்தான் குடித்தானாம். இருட்டிய பிறகுதான் தட்டை டீக்கடையில் வைத்துவிட்டு மதுக்கடைப் பக்கம் போனானாம். இதைத் தங்களிடம் இத்தனை வருஷம் சொல்லாமல் வைத்திருந்தேன். நாம் குடியை விலக்கினோமா, அவனை விலக்கினோமா என்று எனக்குப் புரியவில்லை, மச்சான். பாட்டிலுக்கு என்ன, அது கடையிலேயே இருந்தது. வாசலுக்கு வெளியே நின்றவன் அவன்தான்.

அந்தப் பெண்ணுக்கு இரண்டு தாய்மாமன். சின்னவனை நாம் வரவிடவில்லை. பெரியவர் தானாக வரமாட்டேன் என்கிறார். இரண்டுக்கும் காரணம் சாராயம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம், அவளுக்கு மாமன் வரவில்லை என்பது மட்டும்தான் மிஞ்சும். தப்பு என் மேல். என் வீம்புக்குத் தண்டனை என்னவோ அதை எனக்குக் கொடுங்கள். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் வாருங்கள். வாசல்படி ஏறாமலே நில்லுங்கள், ஜாடியைத் தங்கள் காலடிக்கு நான் தூக்கிவருகிறேன். தாங்களே வாய்க்காலில் கொட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வாருங்கள். சம்பந்திக்கு வேட்டியும் செம்பும் போதும். அவர் ஜாடியை அவர் தம் ஊருக்குப் போய்த் திறந்துகொள்ளட்டும் என்று வானதியை விட்டுச் சொல்லச் சொல்கிறேன். கட்டாயம் அவர் மனசு புண்படும், படட்டும். எனக்குத் தாங்கள் வந்தால் போதும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி. தாங்கள் என்னைவிட மூத்தவர், தங்கள் கோபமும் மூத்தது, இரண்டையும் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். வானதி நெற்றியில் பட்டம் கட்ட வேண்டிய கை தங்களுடையது. நல்ல வார்த்தை எதிர்பார்த்து வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,

தங்கள் மைத்துனன்
தங்கையன்,
பட்டியல் எழுத்தர் (ஓய்வு).

பின்குறிப்பு: அண்ணே, இது தங்கமணி எழுதுறேன். ஒறைய ஒட்டி விலாசம் எழுதி வைக்கச் சொல்லிட்டு இவரு கிழக்கு வயலுக்குப் போயிருக்காரு. ஒட்டுறதுக்கு முன்னாடி படிச்சுட்டேன். ஜாடில சாராயம் இல்லண்ணே. வச்ச மூணாம் நாளே, இவரு ஆத்துக்குக் குளிக்கப் போனப்ப வாய்க்கால்ல கொட்டி, ஜாடிய வெந்நி ஊத்திக் கழுவிட்டேன். இப்ப அதுல இருக்கிறது நாவப்பழத்தக் கெட்டிப் பாகுல காய்ச்சி ஊத்துனது. வாய் கட்டுன துணிய மட்டும் மாத்தல, நாத்தம் அதுலேருந்துதான் வருது. அதனால உங்க சொல்லு ஒண்ணும் கெடல. கல்யாணம் முடியிறவரைக்கும் இவருகிட்ட சொல்லிடாதீங்க, பாவம், தலை சுத்துனது சாராயத்துலதான்னு நெசமாவே நம்பிக்கிட்டு இருக்காரு.

இன்னொண்ணு. அன்னிக்குப் பக்கிரிகிட்ட வராதன்னு சொன்னது நீங்களும் இல்ல, இவரும் இல்ல. நீங்க ரெண்டு பேரும் கொல்லையில பேசுனத நான் அடுப்படியிலேருந்து கேட்டேன். அவன் பஸ் ஸ்டாண்டுலேருந்து எனக்குத்தான் போன் பண்ணான். வரவேணாம்டான்னு நான்தான் சொன்னேன். "குடிக்கலக்கா, வேணும்னா வந்து ஊதிக் காட்டட்டுமா" அப்படின்னு கேட்டான். நான் போன வச்சுட்டேன். இத இன்னும் யார்கிட்டயும் சொல்லல. நீங்க வாங்கண்ணே. இதச் சொல்லி அழறதுக்கு எனக்கு வேற அண்ணன் இல்ல.